கறுப்பிக்கு ஊரைப் பழக்கிய கதை

தனியே பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணின் வளவில் ஒரு நாய் கட்டாயம் நிற்க வேண்டும் என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். அது சரிதான். இருட்டிய பின் வேலி அசைந்தால் எமக்கு முதலில் சொல்வது நாய்தான். ஆனால் 2010இல் மெனிக்பாம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பிய பின், காவலுக்கென்று குட்டி எடுத்த பலர் அதை எடுத்த நாளே சங்கிலியில் கட்டிவிட்டார்கள். ஒருவரையும் காணாமல் வளர்ந்தால்தான் நாய் சூரனாக வரும் என்பது ஊர் நம்பிக்கை.

அப்படி வளர்ந்த நாய் ஒன்று எமது ஒழுங்கையில் இருக்கிறது. எங்கள் மாதர் சங்கத்தில் ஜெய்ப்பூர் கால் போட்ட அக்கா ஒருவர் இருக்கிறார். 2009இல் காலை இழந்தவர். ஒருநாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்த அந்த நாய் அவருடைய ஊன்றுகோலைக் கண்டு வெருண்டு பாய்ந்தது. விழுந்து கையையும் முறித்துக்கொண்டார். அதன்பின் கூட்டத்துக்கு வருவதில்லை. சேமிப்புக் கொப்பியை மகளிடம் கொடுத்துவிடுவார். நாய்க்குக் கெட்ட குணம் என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஊன்றுகோலோடு நடப்பவரை அது குட்டியில் கண்டதே இல்லை. பயந்த நாய்தான் பாயும்.

போன வருடம் எனக்கு ஒரு குட்டி கிடைத்தது. பெட்டை என்பதால் ஒருவரும் எடுக்காமல் கிடந்தது. வயது எட்டுக் கிழமை. கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் ஒரு விடயம் சொன்னார். ஏறக்குறைய 3ஆம் கிழமையிலிருந்து 12, 14ஆம் கிழமை வரை குட்டி எவற்றைக் கண்டு பழகுகிறதோ அவற்றைத்தான் பயமில்லாத பொருள் என்று மனதில் எடுக்குமாம். ஸ்கொட், புல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இலேயே இதைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஆறு கிழமைதான்.

ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் திரியும் நிலத்தில் இறக்கக் கூடாது, பார்வோ நோய் தொற்றும். ஆகவே சைக்கிள் கூடையில் பழைய சாரத்தை விரித்து அதில் இருத்திக்கொண்டு போவேன். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடிக்காரர், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பிள்ளைகள், மீன்காரரின் ஹோர்ன், பாண் ஓட்டோவின் பாட்டு எல்லாம் கண்டது, கேட்டது. ஒருவரையும் அள்ளித் தூக்க விடவில்லை. அதுவாக மணந்து பார்க்கட்டும் என்று விட்டேன். காதை மடித்து வாலை ஒடுக்கினால் சைக்கிளைத் தூரத் தள்ளிவிடுவேன். பயந்த குட்டியைப் பிடித்து முன்னால் நிறுத்தினால் பயம் தெளியாது, கூடும்.

கோவில் திருவிழா வெடிக்கும் பழக்க வேண்டியிருந்தது. வெடிச்சத்தம் கேட்டால் எனக்கே நெஞ்சு இடிக்கும். ஆகவே இந்தப் பாடத்தை இருவருமாகத்தான் படித்தோம். வளவின் அந்தத் தொங்கலில் மகள் சட்டிமூடியைப் போடுவாள்; இங்கே குட்டிக்கு அவித்த மீன் துண்டு ஒன்று. நாளுக்கு நாள் மூடி கிட்ட வந்தது. எனக்கு மீன் துண்டு கிடைக்கவில்லை.

கிழமைக்கு மூன்று நாள் அக்கா வீட்டுக்கும் கொண்டுபோனேன். "குட்டிதானே" என்று சிரித்தாலும் அவருக்குக் கை நடுங்கியது. முதல் நாள் ஊன்றுகோல் தட்டிய சத்தத்துக்கே கறுப்பி வாங்கின் கீழ் ஒளித்துவிட்டது. அக்கா அதைப் பார்க்காமல் பாண் துண்டுகளைப் போட்டபடி இருந்தார். பத்தாம் நாளளவில் ஜெய்ப்பூர் காலில் தலையை வைத்து நித்திரை. "இதுக்கு எது என்ர கால் எண்டு தெரியேல்லையடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"உப்பிடி ஊரோடை பழக்கினா நாய் காவல் நிக்காது பிள்ளை" என்றார் ஒழுங்கைப் பெரியம்மா. ஐப்பசி மழை இரவொன்றில் யாரோ பின்வேலிக் கிடுகைப் பிரிக்க, கறுப்பி குரைத்த குரைப்பில் அயலே எழும்பி லைட் போட்டது. வந்தவர் ஓடிவிட்டார். பகலில் படலையால் வருபவரையும் இரவில் வேலியால் வருபவரையும் அது நன்றாகவே பிரித்தறிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பழகிய நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசி வருடாவருடம் போட வேண்டும். அரசு இலவசமாகவே போடுகிறது. எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சங்கக் கூட்டம் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் நடக்கிறது. அக்காவும் வருகிறார். பெரியம்மாவின் நாய்க்கு நாலு வயதாகிவிட்டது. வளர்ந்த நாயைப் பழக்க மாதக்கணக்கில் எடுக்கும், சில நாய் முழுதாகப் பழகாமலும் போகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஒழுங்கைக் கரையில் கட்டியதைக் கிணற்றடிக்கு மாற்றியிருக்கிறோம். பின்னேரங்களில் நான் ஒரு தடியைத் தட்டிக்கொண்டு தூரத்தில் நடப்பேன். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா அதற்குச் சோறு வைப்பார். நேற்று குரைக்காமல் தின்றது. அக்கா இன்னமும் வயல்வரம்பால் சுற்றித்தான் வருகிறார்.