தவிட்டில் வெந்த மத்தி

செவ்வாய், மாலை

ஹக்காத்தாவில் ஷின்கான்சென் ஏறினால் கொக்குரா வந்து சேரக் கால்மணி நேரம்தான். ஹிரோஷிமாவுக்கும் ஒசாக்காவுக்கும் போகிறவர்கள் இந்த ஊரை ஜன்னல் வழியாகக் கடந்துவிடுகிறார்கள். நான் வேண்டுமென்றே இறங்கினேன். கோயிலும் தோட்டமும் உள்ள ஜப்பானைப் பற்றி நிறையப் படித்தாயிற்று. வேலை முடிந்து வந்து பசியாறுகிற ஜப்பானைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மோஜி, கொக்குரா, வக்காமத்சு, யஹாத்தா, தொபாத்தா என்ற ஐந்து நகரங்களை 1963இல் இணைத்து உண்டாக்கிய கித்தாக்யூஷு மாநகரம் அதற்குத் தோதான இடம். நிலக்கரியும் இரும்பும் துறைமுகமும் வளர்த்த ஊர்.

நிலையத்திலிருந்து நடந்தே உவொமாச்சி கடைத்தெருவுக்குப் போனேன். தெரு முழுக்கத் தலைக்கு மேல் கூரை. பொதுச்சாலைக்கு இப்படிக் கூரை போடும் வழக்கம் ஜப்பானில் இங்கேதான் 1951இல் தொடங்கியது.  அருகே ஒரு கடையில் இரவு உணவு யாக்கி உடோன். 1945இல் போர் ஓய்ந்த கையோடு, கல்லில் போட்டுப் புரட்ட சோபா நூடுல்ஸ் கிடைக்கவில்லை. தருமாதோ என்ற கடையில் உடோன் என்ற கோதுமை நூடுல்ஸைக் காய்ந்த நிலையில் எடுத்து வேகவைத்துப் புரட்டிக் கொடுத்தார்கள். பஞ்ச காலத்து மாற்று இன்று ஊரின் பெருமையாக நிற்கிறது. கோஸும் பன்றி இறைச்சியும் கருகலான சாஸ் மணமும் சேர்ந்து, பசித்தவனுக்காகவே செய்த உணவு என்று முதல் வாயிலேயே தெரிந்தது.

புதன், காலை

தங்கா சந்தை. இந்த ஊர் மக்கள் அதைத் தங்கள் அடுக்களை என்கிறார்கள். காந்தாக்கே ஆற்றில் படகில் வந்த மீனைக் கரையிலேயே இறக்கி விற்றதிலிருந்து வளர்ந்த சந்தை. சில கடைகளின் பின்பகுதி இன்னும் ஆற்றின் மேல் கால் ஊன்றி நிற்கிறது. மீன், திமிங்கில இறைச்சி, ஊறுகாய், அப்போதே பொரித்த மீன் மாவு வடை. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குத்தான் வழி.

2022இல் ஏப்ரலிலும் ஆகஸ்டிலுமாக இரண்டு முறை இங்கே தீப்பிடித்தது. மரக்கட்டிடங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றதால் நெருப்பு வரிசை வரிசையாகத் தாவியிருக்கிறது. மாணவர்கள் நடத்திய ‘தாய்காக்குதோ’ என்ற இடமும் அதில் போயிற்று. அங்கே ஒரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டு, சந்தை முழுக்கச் சுற்றி, பிடித்த கடையில் பிடித்த துண்டை வாங்கிச் சோற்றின் மேல் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. பயணி ஒருவனைக் கடைக்காரர் ஒவ்வொருவரோடும் பேசவைக்க இதைவிட நல்ல வழியை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் தேடி வந்தது நுக்காதாக்கி. அரிசித் தவிட்டில் உப்பும் கடற்பாசியும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள்; அதில்தான் கத்தரிக்காயும் வெள்ளரியும் ஊறுகாயாகின்றன. ஜப்பான் முழுக்க உள்ள வழக்கம் இது. அந்தப் புளித்த தவிட்டையே அள்ளிப் போட்டு, சோயாவும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்து மத்தி மீனைக் கொதிக்கவைப்பது கொக்குராவின் கைப்பக்குவம். மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்து முள் கரைந்து சதையோடு சேர்ந்துவிடுகிறது. நம் வீட்டில் முதல்நாள் மீன்குழம்பு மறுநாள் காலையில் கெட்டியாகி, மண்சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அந்த ஆழம் இதில் இருக்கிறது.

விற்ற அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தவிட்டுத் தொட்டியைத் திறந்து காட்டினார். மாமியார் கொடுத்தது, அவருக்கு அவர் மாமியார் கொடுத்தது. “தினமும் கை விட்டுக் கிளற வேண்டும். ஒருநாள் விட்டால் இது கோபித்துக்கொள்ளும்” என்றார். அடியில் இருப்பது மேலே வந்து காற்று படாவிட்டால் தவிடு கெட்டுப்போகும். தீ அவர் வரிசை வரை வரவில்லை. ஆனால் மின்சாரம் இல்லாத நாட்களிலும் டார்ச் விளக்கோடு வந்து கிளறிவிட்டுப் போனாராம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

வியாழன், பிற்பகல்

யஹாத்தாவுக்கு ரயிலில் போனேன். ஹிகாஷிதா ஊதுலை உச்சியில் 1901 என்ற பெரிய எண். அரசு இரும்பாலை ஓடத் தொடங்கிய ஆண்டு அது. இப்போது நிற்கும் உலை பின்னாளில் கட்டியது, 1972இல் அணைந்தது.

ஆலைகள் கக்கிய புகையின் விலையையும் இங்குள்ளவர்கள் சொல்லிவிடுகிறார்கள். 1960களில் தோக்காய் விரிகுடாவை ‘சாவுக் கடல்’ என்றார்கள். தொபாத்தாவின் இல்லத்தரசிகள் காயவைத்த துணியில் படிந்த கரியை அளந்து, ஆய்வு செய்து, ‘நீல வானம் வேண்டும்’ என்று 1965இல் படமே எடுத்தார்கள். கணவன்மார் அதே ஆலையில் சம்பளம் வாங்கிய காலத்தில் செய்த காரியம் அது. இன்று அந்த விரிகுடாவில் மீன் பிடிக்கிறார்கள்.

அதே நாள், இரவு

காக்குஉச்சி. மதுக்கடையிலேயே நின்றபடி குடித்துவிட்டுப் போவது. ஆலையில் முறை வைத்து இரவும் பகலும் வேலை; இரவுமுறை முடிந்து காலை ஏழு மணிக்கு வெளியே வருகிறவனுக்கு எந்த மதுக்கூடம் திறந்திருக்கும்? மதுக்கடைக்காரர் கதவைத் திறந்துவைத்தார். வக்காமத்சுவில் நிலக்கரி சுமந்தவர்களும் மோஜியில் மூட்டை சுமந்தவர்களும் அப்படியே நின்று ஒரு கோப்பை அருந்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் போன கடையில் வெளியே பெயர்ப்பலகை மங்கியிருந்தது. உள்ளே அரிசிச் சேக்கே போத்தல்கள், சோயா சாஸ், துடைப்பம்கூட விற்பனைக்கு. நீண்ட மரப்பலகையில் எட்டுப்பேர் சாய்ந்து நின்றிருந்தார்கள். நான் நுழைந்ததும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எட்டுப்பேரும் அரையடி நகர்ந்ததில் ஓர் ஆள் நிற்கும் இடம் பிறந்தது. அந்த வரவேற்பை நான் மறக்க மாட்டேன்.

பீர் வேண்டுமானால் குளிர்பெட்டியை நாமே திறந்து எடுக்க வேண்டும். இது சில்லறைக் கடை, உணவகம் அல்ல. அதனால் தொட்டுக்கொள்ள டப்பாவில் அடைத்த மீன், கடலை, உலர்ந்த கணவாய், பாலாடைக்கட்டித் துண்டு. விலையும் கடை விலைதான், உட்கார இடம் கொடுத்ததற்கென்று கூடுதல் காசு கிடையாது. உட்காரவும் இடமில்லை. யஹாத்தாவிலேயே வடிக்கும் ‘தென்ஷின்’ சேக்கேயைக் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார் கடைக்கார அம்மா. கையால் தூக்கினால் சிந்தும். குனிந்து முதல் வாயை உறிஞ்ச வேண்டும். பணத்தைப் பலகையில் வைத்தால் அவரே எண்ணி எடுத்துக்கொள்கிறார்.

பக்கத்தில் நின்ற பெரியவர் உருட்டாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தன் கடலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. காகிதத்தில் ஊதுலை வரைந்து காட்டி, தான் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். இருவரும் இரண்டாவது கோப்பை வாங்கவில்லை. இங்கே யாரும் நீண்ட நேரம் நிற்பதில்லை. அடுத்து வருகிறவனுக்கு இடம் விட வேண்டும். கூட்டமாக வந்து படம் எடுக்கும் பயணிகள் இந்தக் கடைகளுக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன். தனியாக வாருங்கள், ஏதாவது வாங்குங்கள், கிளம்புங்கள்.

வெள்ளி, இரவு

சந்தையின் ஆகஸ்ட் தீயில் எரிந்த ஷோவாகான் திரையரங்குக்குப் போனேன். 1939இல் தொடங்கியது, ஊர்க்காரர்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டுக்கொள்ள, 2023 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள். திரையில் கொக்குராவின் கதாநாயகனே ஒரு ரிக்‌ஷாக்காரன்: 1958இல் தோஷிரோ மிஃபுனே நடித்து, வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கிய படத்தின் மத்சு. அவன் பெயரில் இங்கே சேக்கே வடிக்கிறார்கள். கைவண்டி இழுத்தவனைக் கொண்டாடும் ஊரில், மத்தி மீன் ஏன் இவ்வளவு மரியாதையாகச் சமைக்கப்படுகிறது என்று கேட்கத் தேவையில்லை.

கிளம்பும் முன் அந்தக் காக்குஉச்சிக் கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். மகன் டோக்கியோவில், தனக்குப் பிறகு கடை ஓடாது என்றார் கடைக்கார அம்மா. பெரியவர் உடனே காகிதத்தை எடுத்து, இன்னும் திறந்திருக்கும் காக்குஉச்சிகளை வீதி வீதியாக எழுதத் தொடங்கினார். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே ஓடென் என்ற சூடான கொதிகறி கிடைக்கும், எந்தக் கடைக்காரர் அதிகம் பேசுவார் என்பது வரை. நாளைக்குத் தொபாத்தாவில் அவர் குறித்த முதல் கடை காலையிலேயே திறக்கிறது. ரயில் பயணச்சீட்டை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டேன்.