நீலப் புகை

ஸ்டட்கார்ட் நகரில் 1964 முதல் உற்பத்தியாகும் போர்ஷ் 911 மோட்டார்களில், லட்சம் மைல் ஓடிய ஒன்றை விலை பேசச் சென்றால், நாம் முதலில் புகைக்குழாயருகே கை நீட்டிப் பார்ப்பது வழக்கம். அது சுட்டால், விற்பவர் காலைப் புகையை மறைத்திருக்கலாம். ஆயினும் அப்புகைக்கே அஞ்ச வேண்டுவதில்லை. இவ்வண்டியின் ஆறு ஸிலிண்டர்களும் படுக்கைவாட்டில் கிடப்பவை. நின்ற பொழுதில் கசிந்த எண்ணெய், கிளப்பியதும் நீலமாய் எரிந்து சற்றைக்கெல்லாம் மறையும். மலையிறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கையில் குப்பென்று கிளம்பினால், வால்வு கைடுகள் தேய்ந்திருக்கக்கூடும். ஏற்றத்தில் ஓயாமல் வருமாயின் பிஸ்டன் ரிங்குகளையே சந்தேகிக்க வேண்டும். பணப்பையைக் காலி செய்யும் வியாதி அதுதான். மெக்கானிக் ஸிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்துகையில், எண்ணெய் ஊற்றும் வாயருகே பலத்த சீறல் கேட்டால் ஐயம் உறுதியாகும். அச்சோதனைக்கு இணங்காதவரிடம் நாம் மேற்கொண்டு விலை பேசுவதில்லை.