இடியைத் தடுக்காத ஸ்டெபிலைசர்

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. முன்னறையில் பாதியை டீப் ஃப்ரீசர் அடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வஞ்சிரமும் இறாலும். வீட்டுக்கார அக்காவின் வியாபாரமே அதில்தான். வடகிழக்குப் பருவமழை இடியோடு இறங்குவதற்குள் வயரிங்கைப் பார்த்துவிட வந்த எலக்ட்ரீஷியனோடு நானும் போயிருந்தேன்.

"ஸ்டெபிலைசர்தான் இருக்கே தம்பி, இடி விழுந்தா அது பாத்துக்காதா?" என்றார் அக்கா.

பார்த்துக்கொள்ளாது. வோல்டேஜ் இறங்கினால் ஏற்றிவிடுவதும், ஏறினால் இறக்கிவிடுவதும்தான் அதன் வேலை. அதற்குள் இருக்கும் ரிலே மாறவே சில மில்லி விநாடிகள் பிடிக்கும். மின்னலால் கம்பியில் கிளம்பும் சர்ஜோ மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போய்விடும்.

ஆனால் எலக்ட்ரீஷியன் முதலில் கைவைத்தது பிளக்கில். மிக்ஸியும் ஃப்ரீசரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். பிளக்கை உருவிக் காட்டினார்: ஒரு பின் பழுப்பேறியிருந்தது. ஃப்ரீசர் ஓடும்போது இழுக்கும் கரன்ட் குறைவு; கம்ப்ரசர் கிளம்பும் நொடியில்தான் பல மடங்கு இழுக்கும். பிடிப்பு தளர்ந்த சாக்கெட்டில் அது ஒவ்வொரு முறையும் சூடாக மாறும். போதாததற்கு உப்புக்காற்று, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு. சுவரிலேயே 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி என்று எழுதிக்கொண்டார். மீன் தண்ணீர் சொட்டும் தரை என்பதால், கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் உண்டு. அதுவும் ஃப்ரீசருக்குத் தனியாக. மிக்ஸியில் கசிவு வந்து ஃப்ரீசர் லைனும் சேர்ந்து விழுந்தால் மீன் போச்சு.

வீட்டுக்கு மூன்று ஃபேஸ் சப்ளை. வோல்டேஜ் குறைந்தால் ஃபேஸ் மாற்றும் சுவிட்சைச் சட்டென்று திருப்பிவிடுவார்களாம். ஓடி நின்ற கம்ப்ரசருக்குள் கேஸ் அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் திணறிச் சூடேறும். இதற்காகத்தான் ஸ்டெபிலைசரில் மூன்று நிமிட டிலே இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதே அதுதான். இங்கே அந்த டிலே சுவிட்ச் ஆஃபில் கிடந்தது. "வந்ததும் ஓடணும்ல?" என்றார் அக்கா.

மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்தபோதுதான் எனக்கு உதறல் எடுத்தது. நியூட்ரல் ஸ்க்ரூ அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் லோடைப் பொறுத்து 400ஐ நெருங்கிக்கூட வரலாம். அது கண்ணிமைக்கும் நேர சர்ஜ் அல்ல, நின்று எரிக்கும். சர்ஜைத் தடுக்க வைக்கும் எஸ்பிடியும் அதில் கருகும். நியூட்ரல் போவதைச் சமாளிக்க, வோல்டேஜ் மீறினால் லைனையே வெட்டிவிடும் கட்-ஆஃப் வேண்டும்.

எஸ்பிடி மெயின் போர்டில் வைப்பது. சர்ஜைப் பிடித்து எர்த்துக்குத் தள்ளும். ஆனால் கொல்லையில் போய்ப் பார்த்தால் எர்த் பைப் கிளாம்ப் துருவேறி, வயர் பெயருக்குத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. "இத சரிபண்ணாம எஸ்பிடி போட்டா, அது கரன்ட்ட எங்கக்கா கொண்டுபோய் விடும்?"

எல்லாம் சரியாக இருந்தாலும் மின்னல் பக்கத்திலேயே இறங்கினால் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குவதற்கு முன், பிளக்கை உருவிவிடுவதே மேல். நிறைந்த ஃப்ரீசர் மூடியைத் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். இரண்டு மணி நேர இடிமழைக்கு மீன் கெடாது. நடுவில் திறந்து திறந்து பார்த்தால்தான் வம்பு.

செலவுக் கணக்கு வந்தது. எஸ்பிடியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அக்கா. எர்த், சாக்கெட், கட்-ஆஃப் மூன்றும் உடனே வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் விடாப்பிடியாக நின்றார். நியூட்ரல் ஸ்க்ரூவை முறுக்கியதற்குக் கூலி கேட்கவில்லை. டிலே சுவிட்சையும் அவரே ஆன் செய்துவிட்டு வந்தார்.