தட்டிப் பாராத மரம்

மரக்கலத்தின் வயதைக் கேட்பவர் பலர். அதன் மரத்தைத் தட்டிப் பார்ப்பவர் சிலர். அந்தப் பலருள் ஒருவராக நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதற்கே இதனை எழுதுகிறோம். யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமோ அவரிடம் சொல்லும் காலம் கடந்துவிட்டது. ஆகவே வாசகர்களிடம் சொல்கிறோம்.

2019ஆம் ஆண்டுக் கோடையில், நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் வாழும் மகளின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். அந்நகரின் பிக்டோய் என்னும் பகுதியில், துருவக் கடல்களுக்குச் சென்று மீண்ட இரண்டு கப்பல்களைக் கூரையின் கீழ் வைத்துக் காத்து வருகின்றனர். ஒன்று ‘பிராம்’. பனிக்கட்டியின் நெருக்குதலைத் தாங்குவதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பெற்று 1892ஆம் ஆண்டில் கடலில் இறக்கப்பட்டது. அதன் அடிவயிறு உருண்டது. பனி இருபுறமும் நெருக்கினால் நசுங்காது, வழுக்கி மேலெழும். மற்றொன்று ‘யோவா’. 1872ஆம் ஆண்டில் ரோசெண்டால் என்னும் கரையோர ஊரில் கட்டப்பட்ட சிறு பாய்க்கப்பல். நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். அகலம் 6 மீட்டர். கொள்ளளவு 47 டன். ஹெர்ரிங் மீன் தொழிலில் உழைத்த கப்பல் அது. கூட்டமெல்லாம் பிராமின் பக்கம் சென்றது. நாம் யோவாவின் முன்னே நின்றுவிட்டோம்.

இந்தக் கப்பலை 1901ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியவர் ரோல்ட் அமுண்ட்சன். அப்போது கப்பலுக்கு வயது 29. அமுண்ட்சனும் 1872இல் பிறந்தவரே. கப்பலுக்கும் கப்பலோட்டிக்கும் ஒரே வயது! கனடாவின் வடக்கே, பனித்தீவுகளின் ஊடாக, அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குச் செல்லும் வடமேற்கு வழியை எந்தக் கப்பலும் அதுவரை முழுமையாகக் கடந்ததில்லை. அதைக் கடக்கவே அவர் யோவாவை வாங்கினார்.

“புதிய கப்பல் வாங்க அவரிடம் பணம் இல்லையா?” என்று கேட்டான், உடன் வந்திருந்த பேரன்.

“இல்லை” என்றோம். அது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. விடை சொன்ன வாய் மூடிக்கொண்டது. மனமோ நாற்பத்து மூன்று ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது.

மர்ஹூம் வாப்பா அவர்களுக்குத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற பாய்த்தோணி ஒன்று இருந்தது. 1976ஆம் ஆண்டில் அதற்கு வயது முப்பது. அவ்வாண்டு நாம் இயந்திரப் பொறியாளராகக் கப்பல் வேலையில் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தோம். “தோணிக்கு ஓர் இஞ்சின் பொருத்தினால் இன்னும் சில காலம் ஓடுமா வாப்பா? நீங்கள் படித்தவர்கள், பார்த்துச் சொல்லுங்கள்” என்று அவர்கள் கேட்டார்கள். பெற்ற மகனை ‘வாப்பா’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அழைத்துக் கேட்ட கேள்வி அது. நாம் கரைக்குச் செல்லவில்லை. திண்ணையில் இருந்தபடியே, “முப்பது வயதுக் கட்டைக்கு இஞ்சின் எதற்கு? விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றோம். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

அமுண்ட்சன் என்ன செய்தார் என்பதை இனிப் பார்ப்போம். வாங்கிய கப்பலை அவர் உடனே தச்சரிடம் ஒப்படைத்துவிடவில்லை. முதலில் அதைப் பனிக்கடலுக்கே ஓட்டிச் சென்றார். 1901ஆம் ஆண்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதங்கள், வடக்கே பேரன்ட்ஸ் கடலில், பனிக்கட்டிகளின் நடுவே அதன் போக்கைக் கவனித்தார். எங்கே வலிமை, எங்கே குறை என்பதைக் கப்பலின் வாயாலேயே கேட்டறிந்தார் எனலாம். டிரோம்சோ துறைமுகத்துக்குத் திரும்பிய பின்னரே உளியும் சுத்தியலும் உள்ளே நுழைந்தன.

பயணத்தில் தெரிந்த பெருங்குறை ஒன்று: காற்று அடங்கினால் கப்பலும் அடங்கிவிட்டது. பனிக்கட்டிகள் விலகி வழிவிடும் நேரமோ சில மணிகள்தாம். அந்நேரத்தில் காற்றுக்குக் காத்திருக்க இயலாது. ஆகவே மண்ணெண்ணெயில் இயங்கும் 13 குதிரைத்திறன் இஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். இன்று ஒரு சிறு மீன்பிடி வள்ளத்துக்குக்கூட அதைவிடப் பெரிய இஞ்சின் வைக்கிறார்கள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பாய்களை அவர் கழற்றிவிடவில்லை. பாய்க்குத் துணையாகவே இஞ்சினை வைத்தார்.

அடுத்த வேலை உடலுக்குக் கவசம். பலகையின் மேல் பலகையாகக் கருவாலி மரத்தைப் போர்த்தினார்கள். அணியத்தில் இரும்புப் பட்டைகளை அறைந்தார்கள். இதன் சூட்சுமத்தை மரக்கலம் அறிந்தவர் உடனே உணர்வர். பனிக்கட்டி கல்லைப் போன்றது. உரசிச் செல்லும் பனி பலகையை அரிக்கும், கலப்பத்தைப் பிடுங்கி எறியும். வெளிப்பலகை தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. அது தேயத் தேய உள்ளிருக்கும் பழைய உடல் பிழைக்கும். ஏராவும் வங்குகளும் வலுவுடன் இருந்தால்தான் இந்தக் கவசத்துக்குப் பொருளுண்டு. உளுத்த உடலின் மேல் இரும்பைப் போர்த்தினால் அது கவசமாகாது, சுமையாகும்.

அவர் செய்யாமல் விட்டதும் கவனத்திற்குரியது. கப்பலைப் பெரிதாக்க அவர் முயலவில்லை. அந்தக் கடலில் ஆழம் குறைவு, உணவு குறைவு என்பதை அறிந்திருந்தார். ஆழமற்ற நீரில் மிதக்கும் கப்பலும், வேட்டையாடிப் பசியாறத்தக்க சிறு கூட்டமுமே அங்கே செல்லும். அவரோடு சேர்த்துக் கப்பலில் எழுவர்தாம். கடன்காரர் கப்பலைப் பிடித்து வைத்துவிடுவார் என்ற அச்சத்தோடு, 1903 ஜூன் 16 நள்ளிரவில், கொட்டும் மழையில், அவர்கள் கிறிஸ்தியானியாவை விட்டுப் புறப்பட்டார்கள். இன்றைய ஆஸ்லோவின் அன்றைய பெயர் அது.

அவருக்கு முன்னர் அதே வழியைத் தேடி 1845இல் சென்ற ஜான் பிராங்க்ளினின் கப்பல்களும் பழையவையே, புதுப்பிக்கப்பட்டவையே. ‘டெரர்’ 1813இலும் ‘எரெபஸ்’ 1826இலும் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள். அவற்றின் அணியத்துக்கு இரும்புத் தகடு போர்த்தினார்கள். ரயில்வண்டி இஞ்சின்களைக் கொண்டுவந்து உள்ளே இறக்கினார்கள். அறைகளுக்கு வெப்பமூட்டும் குழாய்கள் அமைத்தார்கள். மூன்றாண்டு உணவை நிரப்பினார்கள். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1846 செப்டம்பரில் கிங் வில்லியம் தீவின் வடமேற்கே பனி அவற்றைச் சூழ்ந்தது. 1848 ஏப்ரலில் எஞ்சியோர் கப்பல்களைக் கைவிட்டு நடந்தனர். சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. எரெபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. டெரரின் உடல் வியக்கத்தக்க வகையில் சிதையாமல் இருந்தது. தச்சர் செய்த வேலை தோற்கவில்லை! நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பெருங்கப்பல்களில் ஏற்றி, உண்ண ஏதுமற்ற பனிவெளிக்கு அனுப்பிய எண்ணமே தோற்றது. நீதியாகப் பேசுவதாயின், அத்தீவின் கிழக்கே நீர்வழி உண்டு என்பது அவர்களின் வரைபடத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது பின்னரே, 1854இல், ஜான் ரே என்பவரால் அறியப்பட்டது. யோவா சென்றது அந்தக் கிழக்கு வழியில்தான்.

அவ்வழியிலும் அழிவு அருகிலேயே நின்றது. 1903 ஆகஸ்டு இறுதியில் இஞ்சின் அறை தீப்பற்றிக்கொண்டது. சுற்றிலும் மண்ணெண்ணெய்த் தொட்டிகள். அன்றுதான் ஒரு தொட்டியில் கசிவு கண்டு, அதிலிருந்த எண்ணெயை வேறு தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். தீயை அணைக்கும் பரபரப்பில் அந்தக் காலித் தொட்டியின் குழாயே உடைந்து திறந்துகொண்டது. எண்ணெய் இருந்திருந்தால் யோவாவின் கதை அன்றே முடிந்திருக்கும். இஞ்சின் அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த நமக்கு அதை எண்ணும்போதே உடல் சிலிர்க்கிறது. சொன்ன வேலையை நாளைக்கு என்று தள்ளாமல் செய்த ஒரு மனிதர் எழுவரின் உயிரைக் காத்தார். அடுத்த சில நாள்களில் கப்பல் பாறைத் திட்டில் தட்டி நின்றது. அடிக்கட்டையின் ஒரு பகுதி பிளந்து மிதந்தது. மேல்தளத்துப் பெட்டிகளைக் கடலில் எறிந்து, பாய்களை முழுவதும் விரித்து, அலை தூக்கிய வேகத்தில் திட்டைக் கடந்தார்கள். ஏரா உறுதியாக நின்றது.

பின்னர் இரு குளிர்காலங்களை, இன்று ‘யோவா ஹேவன்’ எனப்படும் துறையில் கழித்தார்கள். அங்கு வாழும் நெட்சிலிக் மக்களிடம் தோலாடை அணியவும், பனிவீடு கட்டவும் கற்றார்கள். 1905 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டபோது, ஓரிடத்தில் ஏராவுக்கும் தரைக்கும் இடையே ஓர் அங்குல நீர்தான் இருந்தது என்கிறார்கள். பிராங்க்ளினின் கப்பல்கள் அங்கே சென்றிருக்குமா? ஆகஸ்டு 26 அன்று மேற்கிலிருந்து வந்த திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று கண்ணில் பட்டது, வழி முடிந்தது. மூன்றாவது குளிர்காலத்தையும் பனியிலேயே கழித்து, 1906 ஆகஸ்டு 31 அன்று அலாஸ்காவின் நோம் நகரை அடைந்தார்கள். வழியில் இறந்த ஒருவர் நீங்கலாக, மற்றவர் நலமாகச் சேர்ந்தனர்.

பழைய கப்பல் யாவும் இப்படியே வெல்லும் என்று நாம் சொல்ல வரவில்லை. பில் டில்மன் என்னும் ஆங்கில மலையேறி, 1906இல் கார்டிஃபில் கட்டப்பட்ட ‘மிஸ்சீஃப்’ என்ற பாய்ப்படகை 1954இல் வாங்கி, தென்முனையை அடுத்த கடல்களுக்கும் கிரீன்லாந்துக்கும் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார். அது 1968இல் யான் மாயன் தீவருகே மூழ்கியது. அதற்குப் பின் அவர் வாங்கிய ‘சீ பிரீஸ்’ 1899இல் கட்டப்பட்டது. அதுவும் 1972இல் கிரீன்லாந்துக் கரையில் அழிந்தது. 1977இல், தம் எண்பதாவது வயதில், இழுவைப் படகாக இருந்து பாய்க்கப்பலாக மாற்றப்பட்ட ஒன்றில் பிறரோடு தென்கடலுக்குச் சென்றவர் திரும்பவே இல்லை. கடல் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆயினும், மிஸ்சீஃபுக்கு மூழ்கும்போது வயது 62. அதன் பாதி வயதில் அதை விறகாக்கியிருந்தால் அத்தனைப் பயணங்களும் இல்லை.

வாப்பாவின் தோணியை உடைத்த நாளில் நாம் கரைக்குச் சென்றோம். ஓடாவி மேற்பலகைகளைக் கழற்றிவிட்டு ஏராவில் கோடரியைப் போட்டார். கோடரி பாயவில்லை, திரும்பித் துள்ளியது. மணியடித்தது போன்ற ஓசை எழுந்தது. சோடையான மரம் மண்சுவர் போல மழுங்கிப் பேசும். உறுதியான மரமே அப்படி ஒலிக்கும். ஓடாவி நம்மை நிமிர்ந்து பார்த்தார். “இது இன்னும் இருபது வருசம் கிடக்கும் தம்பி. யார் உடைக்கச் சொன்னது?” என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. அன்று மாலை, “மரம் எப்படி இருந்தது?” என்று வாப்பா கேட்டபோது, “உளுத்துப்போயிருந்தது” என்றோம். அவர்கள் தலையசைத்தார்கள். அதற்குப் பின் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். தோணியைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. ஓடாவி நம் தெருவிலேயே வாழ்ந்தவர். வாப்பாவோடு தினமும் தேநீர் குடித்தவர். ஆகவே நாம் சொன்னது பொய் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

யோவாவும் ஒருமுறை மறக்கப்பட்டதுதான். 1909 முதல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பூங்காவில் வெயிலிலும் மழையிலும் நின்று சிதைந்தது. பின்னர்ச் செப்பனிடப்பட்டு 1972இல், தன் நூறாவது வயதில், தாய்நாடு திரும்பியது.

புறப்படும் நேரத்தில், “அப்படியானால் ஏன் பழைய கப்பலை வாங்கினார்?” என்று பேரன் மறுபடியும் கேட்டான். “அவர் அதைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், நல்ல கப்பல் என்று தெரிந்துகொண்டார்” என்றோம். பிறகு, 1976இல் திண்ணையில் அமர்ந்து நாம் சொன்னதையும், அன்று மாலை சொன்ன பொய்யையும் அவனிடம் முழுமையாகச் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாமல் நடந்தான். பின், “நீங்கள் போய்ப் பார்த்திருக்கலாம்” என்றான்.

ஆம். கரை நூறடித் தொலைவில்தான் இருந்தது.