செஞ்சிக்கு ஒரு பிரயாணம்

ஆகாயம் எல்லோருக்கும் பொது என்று இத்தனை காலமும் நாம் எண்ணிக் கொண்டிருந்தோம். அது எவ்வளவு தவறு என்பது, நமது தங்கை மகன் 3 கிலோ எடையில் ஒரு ட்ரோன் செய்து முடித்த பிறகுதான் தெரிய வந்தது.

கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் வண்டு போல் ரீங்காரமிட்டுப் படம் பிடிக்கும் சிறு யந்திரத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். இது அதற்கு மூத்த அண்ணன். நான்கு கைகள்; ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு மோட்டார்; அதன் மேல் 15 அங்குல விசிறி. நான்கு மோட்டாரும் சேர்ந்து, யந்திரத்தின் எடையைப் போல் இரு மடங்காவது தூக்க வல்லவையாக இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது சமாளிக்க முடியாது.

பிள்ளையாண்டான் ஒரே நாளில் இதற்கு வந்து விடவில்லை. முதலில் கம்ப்யூட்டர் திரையில் பொய் யந்திரத்தை ஓட்டி நூறு தடவை விழுந்தான். பிறகு 250 கிராமுக்கு உட்பட்ட குட்டி ட்ரோன். 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி, பொழுதுபோக்குக்காக 2 கிலோ வரையில் பறக்க விடுகிறவர்களுக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால், 18 வயது நிரம்பி, பத்தாவது தேறி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி பெற்றாக வேண்டும். சான்றிதழ் வந்தது, யந்திரத்துக்குப் பதிவு எண்ணும் வந்தது. பறப்பதற்கு இடந்தான் கிடைக்கவில்லை.

சென்னைக்குத் தெற்கே மீனம்பாக்கம் விமான நிலையம். அதைத் தாண்டினால் தாம்பரத்தில் விமானப் படை. கடலோரமாகப் போகலாமென்றால் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். மேற்கே திரும்பினால் அரக்கோணத்தில் கடற்படையின் விமானத் தளம். வேடந்தாங்கலிலோ பறவைகள்! ஆகாயத்தில் அவற்றின் பாத்தியதை நம்முடையதைவிடப் பழையது அல்லவா?

வழி காட்டியவர் ஒரு கடைக்காரர். 1922 அல்ல, 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை நமது சர்க்கார் தடை செய்தபோது, உதிரி பாகங்களைத் தடை செய்யவில்லை. ஆகவே, சுதேசிப் பிரியர்கள் பாகங்களை வாங்கித் தாமே பூட்டுகிறார்கள். ரிச்சி தெருவில் மோட்டார் வாங்கப் போன இடத்தில், "தம்பி, தனியாகப் பறக்காதே. செஞ்சிப் பக்கம் சிலர் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள். அங்கே போ" என்றாராம் அவர்.

போனோம். திண்டிவனத்தில் மேற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றதும், மல்லாட்டை பிடுங்கி முடிந்த ஒரு பெரிய கொல்லை. சர்க்காரின் ஆகாயப் படத்தில் அது பச்சைப் பிரதேசம். 400 அடி உயரம் வரை முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ராஜா தேசிங்கின் கோட்டை மலைகள் வெகு தூரத்தில் நீல நிறமாகத் தெரிந்தன. யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கியவன் என்று கதை சொல்கிறதே, அதே தேசிங்குதான்.

வேப்ப மரத்தடியில் மூவர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஒருவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். மூன்றாமவர் வயலுக்கு ட்ரோன் மூலம் மருந்து தெளிக்கும் இளம் விவசாயி.

பையனின் யந்திரத்தை வாத்தியார் கையில் வாங்கினார். திருகாணிகளைப் பார்த்தார்; பாட்டரியைப் பார்த்தார். விசிறிகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துத் தடவினார். மூன்றாவது விசிறியில் அவர் விரல் நின்றது. மயிரிழை போல் ஒரு விரிசல்.

"இன்றைக்கு இது பறக்காது, அப்பா."

"சின்ன விரிசல்தானே, ஸார்? ஐந்தே நிமிஷம்..."

வாத்தியார் பதில் சொல்லவில்லை. தமது இடக்கைக் கட்டை விரலை நீட்டிக் காட்டினார். குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. விசிறியைக் கழற்றாமல் வீட்டு மேஜை மீது மோட்டாரைச் சோதித்ததன் பலன்! "இது மேஜை மேல் நடந்தது. உன் விசிறி 100 அடியில் உடைந்தால், 3 கிலோவும் யார் தலையில் இறங்கும்?" என்றார். கொல்லையின் ஓரத்தில் இரண்டு சிறுமிகள் ஆடு மேய்த்துக் கொண்டிருந்தார்கள்.

பையனின் முகம் சுண்டிப் போயிற்று. ஆறு மாத உழைப்பு. மூன்று மணி நேரப் பிரயாணம். அப்போது கம்பி சுற்றுகிறவர் எழுந்து, தமது யந்திரத்திலிருந்து அதே அளவுள்ள விசிறி ஒன்றைக் கழற்றி நீட்டினார். "இன்றைக்கு நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்றார்.

ஆடுகள் அப்பால் போகும் வரையில் காத்திருந்தோம். யந்திரம் புழுதியைக் கிளப்பிக் கொண்டு எழுந்தது. கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே வட்டமிட்டது. பாட்டரி குறைவதற்கு முன்பே, வாத்தியார் விரலை அசைத்ததும், சாதுவாக இறங்கியது. மொத்தம் 12 நிமிஷம். பையனின் கைகள் அதற்குப் பிறகுதான் நடுங்கின.

பிள்ளைகள் பெரிய ட்ரோன் வேண்டுமென்று கேட்டால், பெற்றோர் விலையை மட்டும் விசாரித்தால் போதாது. "வேண்டாம், இன்று பறக்காதே" என்று சொல்லும் துணை யார் என்றும் கேட்க வேண்டும். பயிற்சிப் பள்ளியிலும் பாகக் கடையிலும் விசாரித்தால் அப்படிப்பட்டவர்கள் அகப்படுவார்கள்.

இரவல் விசிறியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் செஞ்சிப் பிரயாணந்தான். இந்தத் தடவை கட்டுச் சாதம் ஐந்து பேருக்கு வேண்டுமென்று தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.