கொடியில் காயும் கதைகள்

டிசம்பர் 16, 2024 – திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. ஆறு மணிக்கே ஆழ்வார்பேட்டையில் மெட்ரோ வேலைச் சத்தம் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேர அமைதியில்தான் நான் வரைவேன். இன்று வரையவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த மழையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டி செங்கல் மேல் இருந்ததால் தப்பியது என்று நம்பியிருந்தேன். தப்பவில்லை. உள்ளே பூஞ்சை வாடை. இத்தனை வருடங்களாக நான் வரைந்து, புத்தகமாகாமல் போன மூன்று சித்திரக்கதைகள், மொத்தம் 65 பக்கங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

நானும் மனைவியும் ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுத்து, கூடத்தில் கொடி கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். என்னைச் சிறுவயது முதல் அறிந்த மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் புஸ்தகமா வந்துடுத்தாப்பா?"

"ஒண்ணுகூட வரலை மாமி."

"வரலேன்னா எதுக்கு இத்தனை வருஷமா வெச்சிண்டிருக்கே?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 18 – புதன்

வலது கட்டைவிரலின் அடியில் தசைநார் வீங்கியிருக்கிறது. ஆறு வாரம் பிரஷ்ஷைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். தூரிகை பிடிக்காமல் ஆறு வாரம் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

கோபுலுவை நினைத்துக்கொண்டேன். பக்கவாதத்தில் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டவர் அவர். 1924இல் பிறந்தவர். 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு 1950 முதல் 1954 வரை வாராவாரம் வரைந்த மணியமும், அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனை வரைந்த சங்கரும் அதே ஆண்டில் பிறந்தவர்கள். மூவருக்கும் இது நூற்றாண்டு. மணியம் 1968இல், 44 வயதிலேயே போய்விட்டார். கோபுலு 2015 வரை இருந்தார். சங்கர் 2020இல் மறைந்தார்; மறுவருடம் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இந்த மூவரும் வரைந்தவை அச்சில் இருக்கின்றன. வரைய நினைத்து விட்டவை எத்தனை, அவை எந்தத் தாளில் இருந்தன? தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். இடக்கையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். நடுங்கியது. நாளையும் இழுப்பேன்.

டிசம்பர் 21 – சனி

முதலில் காய்ந்தவை எம்டன் பக்கங்கள். 48 பக்கத்துக்குத் திட்டமிட்டேன். 31க்கு மை போட்டு முடித்தேன்.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் கரைக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. சில நிமிடங்களில் கப்பல் இருளில் மறைந்துவிட்டது. ஊர் பல நாள் நடுங்கியது. மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனவர்கள் பலர். உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைவிடப் பெரிய கல்வெட்டு நம் பேச்சில் இருக்கிறது: கெட்டிக்காரனை, யாருக்கும் அடங்காதவனை, 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். குண்டு வீசிய கப்பலின் பெயரை வீட்டுப் பேச்சில் நூறு வருடம் வைத்திருக்கும் ஊர் இது.

என் கதையில் கப்பல் ஒரே ஒரு கட்டத்தில்தான் வரும். மற்றதெல்லாம் அன்றிரவு மாட்டுவண்டியில் ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு குடும்பம். பின்னால் திரும்பிப் பார்க்கும் சிறுமியின் முகத்தில் விழும் நெருப்பு வெளிச்சத்தை மட்டும் பதினோரு முறை வரைந்தேன். பதினோராவது சரியாக வந்தது. அது கொடியில் கடைசியாகத் தொங்குகிறது. ஈரத்தில் மை சற்றுக் கசிந்திருந்தாலும் முகம் தப்பிவிட்டது.

டிசம்பர் 24 – செவ்வாய்

இரண்டாவது கதை முசுகுந்தன். 22 பக்கம் பென்சிலில் நிற்கிறது.

திருவாரூர்த் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்த்த நாளில் எனக்குக் கழுத்து வலித்தது. இறங்கிவர மனம் வரவில்லை. குரங்குமுகச் சோழன் முசுகுந்தன் இந்திரனுக்காக அசுரரோடு போரிடுகிறான். கைம்மாறாகத் தியாகராஜர் திருமேனியைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதேபோல் ஆறு செய்து ஏழையும் முன்னே வைக்கிறான். முசுகுந்தன் உண்மையானதை அடையாளம் கண்டுகொள்கிறான். ஏழும் அவனோடு பூமிக்கு வருகின்றன. சப்தவிடங்கத் தலங்களின் கதை இது.

இந்தக் கதை அங்கே வரிசை வரிசையாக, பட்டை பட்டையாக வரையப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், படத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கதை சொல்லும் கலை நம்மிடம் இப்படி இருந்தது. காமிக்ஸ் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் நான் திருவாரூருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன்.

வரைந்தவர் தன் பெயரையும் அங்கே எழுதிவைத்தார்: சிங்காதனம். புகையும் கசிவும் ஏறிக்கிடந்த அந்த ஓவியங்களைச் சென்னையின் பிரக்ருதி அறக்கட்டளை முன்னின்று காப்பாற்றியது. 2011இல் வி.கே.ராஜமணியின் புகைப்படங்களும் டேவிட் ஷுல்மனின் எழுத்துமாக அவை நூலாயின. சுண்ணாம்புப் பூச்சு நின்றதால் சிங்காதனத்தின் பெயர் நின்றது.

டிசம்பர் 26 – வியாழன்

மூன்றாவது கதை 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரை. 12 பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். பார்த்த துக்கம் அப்போது கைக்கு அருகிலேயே இருந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத இப்போதும் முடியவில்லை.

மற்ற இரண்டும் ஏன் வரவில்லை? பதிப்பாளர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கணக்கு அப்படி. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு சிவகாசியில் தொடங்கிய காலம் முதல், வெளிநாட்டுக் கதைக்கு உரிமை வாங்கினால் படம் தயாராக வரும். மொழிபெயர்த்து எழுத்துக் கோத்தால் அச்சுக்குப் போகலாம். புதிதாக வரைய ஒரு பக்கத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆகிறது. 48 பக்கம் என்றால் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதச் சோற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியில்தான் தமிழில் எத்தனையோ கதைகள் பென்சிலோடு நின்றிருக்கின்றன.

வெளியிலும் இதே கதைதான். இந்துக் கடவுளரின் பெயர்களை வைத்து ரோஜர் ஜெலாஸ்னி எழுதிய 'லார்ட் ஆஃப் லைட்' நாவலைப் படமாக்க, ஜாக் கிர்பி பெரிய பெரிய ஓவியங்களை வரைந்து கொடுத்தார். படம் எடுக்கப்படவில்லை. ஆனால் 1980இல் தெஹ்ரானில் சிக்கிய ஆறு அமெரிக்கர்களைச் சினிமாக் குழு என்று சொல்லி மீட்டபோது, அந்தப் பொய்ப்படத்துக்குச் சான்றாகப் போனவை அந்த ஓவியங்கள். டின்டினைப் படைத்த எர்ஜே 1983 மார்ச்சில் இறந்தபோது கடைசிக் கதை முடியவில்லை. வேறு யாரும் அதை முடிக்க வேண்டாம் என்று கடைசியில் அவர் மனைவி முடிவெடுத்தார். கிறுக்கல்களை அப்படியே 1986இல் வெளியிட்டார்கள். ஒரு பெரிய கலைஞனின் கை எப்படி யோசித்தது என்பதை முடிந்த புத்தகங்களைவிட அந்தக் கிறுக்கல்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

டிசம்பர் 29 – ஞாயிறு

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. காமிக்ஸ் அரங்கில் என் வயதுக்காரர்கள் குழந்தை முகத்தோடு நின்றார்கள். ஒருவர் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், எட்டு வருஷம் முன்னாடி புத்தகக் காட்சியில நாலு பக்கம் காட்டினீங்களே, எம்டன் கதை. அந்தப் பொண்ணு ஊர் போய்ச் சேர்ந்தாளா?"

எட்டு வருடமாக அந்தச் சிறுமி அவருக்குள் வண்டியில் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். வீடு வரும்வரை என்னால் பேச முடியவில்லை.

ஜனவரி 1, 2025 – புதன்

காலையில் மாமிக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதினாறு நாளாக யோசித்த பதிலைச் சொன்னேன். "மாமி, அச்சான கதை ஆயிரம் வீட்டுல இருக்கும். அச்சாகாத கதைக்கு இருக்கிறது இந்த ஒரே ஒரு பிரதிதான். அதனாலதான் வெச்சிருக்கேன்."

மாமி கொஞ்சம் யோசித்து, "அப்போ செங்கல் மேல வைக்காதே. பரண்ல வை" என்றார். இந்த வருடத்தின் முதல் நல்ல புத்தி அது.

65 தாள்களும் காய்ந்துவிட்டன. நான்கு பக்கங்களில் கறை நிரந்தரம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யக் கொடுக்கிறேன். பிறகு தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய், இப்படிப்பட்ட தாள்களை எப்படிக் காப்பது என்று கேட்கப்போகிறேன். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த புத்தகங்களும் துண்டுக் காகிதங்களும்தான் 1994இல் அந்த நூலகமாக எழுந்தன. அவர் அன்று பழைய காகிதம் என்று ஒதுக்கியிருந்தால் இன்று அது இல்லை.

கை சரியானதும் எம்டனின் மிச்சப் பதினேழு பக்கங்களை முடிப்பேன். அந்தச் சிறுமி ஊர் போய்ச் சேர வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சித்தியோ வரைந்து, எங்கும் வெளிவராத படங்கள் ஒரு பெட்டியில் இருக்கலாம். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடும் முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். பின்பக்கத்தில் வரைந்தவர் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதி, உயரமான இடத்தில் வையுங்கள்.