நான்காவது கட்டில்

உல்லாசக் கப்பல் விளம்பரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு சொன்ன விலை அது. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் வராத ஆளுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.


நாங்கள் ஐந்து பேர். அம்மா, நாங்கள் இருவர், எட்டு வயதில் மகள், இரண்டே முக்கால் வயதில் மகன்.


பெரும்பாலான அறைகள் நான்கு பேரோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது, நான்காவது கட்டில்களுக்குத்தான் விலை குறைவு. சோபாவை விரித்தால் ஒன்று, மேலிருந்து இறக்கினால் இன்னொன்று. ஐந்தாவது ஆளுக்கு இன்னோர் அறை வேண்டும். அந்த அறையில் அம்மாவோடு மகள் படுத்தால் மகள் முழுக் கட்டணக்காரி ஆகிவிடுகிறாள்.


எட்டு வயதில் பெரிய மனுஷி.


அம்மா சொன்னது: "எனக்கு எதுக்குடி தனி ரூமு? ஒரு பாய் போட்டா போதும்."

பாய்க்கு இடம் இருந்தாலும் ஐந்தாவது ஆளை அந்த அறையில் சேர்க்க மாட்டார்கள். அறைக்கு இத்தனை பேர் என்பது உயிர்காப்புப் படகோடும் சேர்ந்த கணக்கு. கைக்குழந்தைக்கும் படகில் ஓர் இடம் எழுதியாக வேண்டும்.


வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பும் இரண்டு இரவுப் பயணம் ஒன்று. நடுவாரத்தில் கிளம்புவது ஒன்று. நடுவாரம் மலிவு. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை என்றால் வாரம் முழுக்க ஒரே விலை, எல்லாம் உயரத்தில். மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், பிறகு ஆண்டு இறுதி. பள்ளி நாள்காட்டியை என்னைவிட நன்றாகப் படிக்கிறார்கள்.


மகனுக்கு இன்னும் பள்ளி இல்லை. மகளுக்கு உண்டு. வீட்டில் பெரிய பிள்ளையின் பள்ளிதான் கப்பலின் விலை.


ராயல் கரீபியன் கப்பல்களில் பணியாளர் அன்பளிப்பு என்று தனியாக ஒரு வரி. 2023 நவம்பரில் சாதாரண அறைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்தார்கள். வயது வேறுபாடு கிடையாது.

18 × 5 பேர் × 4 இரவு = 360 டாலர்.

இதில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டே முக்கால் வயதுக்காரனுடையது. சிங்கப்பூர் வெள்ளியில் இன்னும் கூடும். முதல் பக்கத்தில் இந்த எண் இல்லை.


துறைமுகக் கட்டணமும் அப்படித்தான். கடைசித் திரையில் வருகிறது.


இரவு ஒரு மணிக்கு நோட்டில் இரண்டு பத்திகள் கிழித்தேன். "சொல்லும் விலை", "கட்டும் விலை". முதல் பத்தியில் மலிவாக இருந்த கப்பல் இரண்டாவதில் மூன்றாம் இடத்துக்குப் போனது. திரும்பக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.


டன் என்பது எடை இல்லையாம். உல்லாசக் கப்பலை இத்தனை ஆயிரம் டன் என்று சொல்வது அதன் உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் கூட்டம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரியும்.

கெண்டிங் டிரீம்: 150,695. அறைக்கு இருவர் என்றால் சுமார் 3,350 பேர். ஆளுக்கு 45.

ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்: 169,379. சுமார் 4,250 பேர். ஆளுக்கு 40.

சென்னையிலிருந்து போகும் எம்பிரஸ்: 48,563. சுமார் 1,600 பேர். ஆளுக்கு 30.

விடுமுறையில் மூன்றாவது, நான்காவது கட்டில்கள் எல்லாம் நிரம்பிவிடும். அப்போது இந்த எண்கள் இறங்கும். அந்தக் கட்டில்களில் படுப்பது நம் பிள்ளைகள்.


அம்மா சிங்கப்பூர் வந்தது ரஜூலா கப்பலில். 1970. அப்போது அவளுக்கு ஏழு வயது. நாகப்பட்டினத்தில் ஏறினார்கள்.

ஏறினார்கள் என்றால் கரையிலிருந்து இல்லை. கப்பல் வெளியே கடலில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். பாட்டி ஒரு கையில் தகரப்பெட்டியும் இன்னொரு கையில் அம்மாவுமாக ஏணியில் ஏறியிருக்கிறாள்.


ரஜூலா 1926-இல் கட்டியது. எட்டாயிரத்து ஐந்நூறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டிய காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளுக்கு உரிமம்.

வகுத்துப் பார்த்தேன். 2-ஐக்கூடத் தொடவில்லை.

பழைய டன்னும் இப்போதைய டன்னும் ஒன்றல்ல. பிற்காலத்தில் ஆட்களையும் குறைத்திருக்கிறார்கள். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.


"கடல் எப்படிம்மா இருந்துச்சு?"

"கடலா? நான் எங்க பார்த்தேன். பக்கத்துல ஒரு அம்மா வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாங்க. அவங்க புடவை பச்சை."


ஜன்னல் இல்லாத உள் அறைதான் எங்கும் மலிவு. விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்று. பகலில் தூங்கும் பிள்ளைக்கு நல்லது என்று எழுதியிருந்தேன். பிறகு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.


ராயல் கரீபியனின் சில கப்பல்களில் உள் அறையின் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு திரை. வெளியே கேமரா பார்க்கும் கடல் அதே நேரத்தில் உள்ளே தெரிகிறது. திரையில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வரைந்திருக்கிறார்கள், பால்கனியில் இருப்பதுபோல.

யாரும் விழ முடியாத இடத்தில் கம்பி.

மகன் ஏறப் பார்ப்பான்.


உண்மையான பால்கனி என்றால் மகனுக்காகப் பயம். நாற்காலிகளை உள்ளே இழுத்துவிட வேண்டும், கதவின் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் என்று கேட்க வேண்டும். விலை கூடக் கூடப் பயமும் கூடுகிறது.

திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறை. இப்போதைக்கு அதை வட்டமிட்டிருக்கிறேன்.


2020 டிசம்பர் 9. எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவரப் போன க்வாண்டம் ஆஃப் தி சீஸ் பாதியில் சிங்கப்பூருக்குத் திரும்பியது. 83 வயதுப் பயணி ஒருவருக்குக் கொரோனா என்று சந்தேகம். எல்லாரையும் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். அடுத்த நாள் தொற்று இல்லை என்று உறுதியானது.

உள் அறையில் குழந்தைகளோடு இருந்தவர்கள் அன்று என்ன விளையாட்டு விளையாடியிருப்பார்கள்?


மகளுக்கு வேண்டியது டிஸ்னி கப்பல். வகுப்புத் தோழி போகிறாளாம்.

டிஸ்னி அட்வெஞ்சர். 208,000 டன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்படி அமைத்தது. முதல் பயணம் 2025 டிசம்பர் என்று இருந்து 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது.

அது டிஸ்னிக்காகத் தொடங்கிய கப்பல் இல்லை. குளோபல் டிரீம் என்ற பெயரில் ஜெர்மனியின் விஸ்மார் நகரில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கெண்டிங் டிரீமை அப்போது வைத்திருந்த கெண்டிங் ஹாங்காங்தான் அதற்கும் முதலாளி. 2022 ஜனவரியில் கட்டும் தளம் நொடித்தது, பின்னாலேயே முதலாளியும். பாதிக்கு மேல் முடிந்து நின்ற கப்பலை அந்த ஆண்டே டிஸ்னி வாங்கியது.

கெண்டிங் டிரீம் 2022 ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதுப் பெயரின் கீழ் மறுபடி கிளம்பியது.

மகள் கேட்கிறாள், நாங்கள் யோசிக்கும் கப்பல்களில் டிஸ்னியின் உறவுக்காரக் கப்பல் எது என்று. ஒருவிதத்தில் பதில் இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.


நாங்கள் குடிப்பதில்லை. சூதாடுவதில்லை. கப்பல்காரர்களுக்கு டிக்கெட் மட்டும் வருமானமில்லை. மது, சூதாட்டக் கூடம், கடைகள், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டை இந்த விலைக்குத் தர முடிகிறது. நள்ளிரவில் சூதாடும் யாரோ ஒருவர் என் பிள்ளைகளின் அறை வாடகையில் ஒரு பங்கைக் கட்டுகிறார்.

அவருக்கும் பிள்ளைகள் இருக்கலாம்.


2022 ஜூனில் எம்பிரஸ் முதன்முதலாகச் சென்னையிலிருந்து கிளம்பியது. புதுச்சேரி நுழைய விடவில்லை. அதில் இருந்த சூதாட்டக் கூடம்தான் அங்கே பேச்சாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

1990-இல் நார்டிக் எம்பிரஸ் என்று பிறந்தது. மூன்று நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே வரைந்த கப்பல். பிறகு எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், ஸ்பெயின்காரர்களிடம் எம்பிரஸ், மறுபடி எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், இப்போது கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ். தஞ்சாவூரிலிருந்து தம்பி குடும்பம் அதில் போகலாம் என்கிறது. பழைய கப்பல் என்று நான் தயங்கவில்லை. குளியலறை எப்படி என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னேன்.


கார்னிவல் கப்பல் நிறுவனம் தொடங்கியதும் பழைய கப்பலோடுதான். எம்பிரஸ் ஆஃப் கனடா. மார்டி கிரா என்று பெயர் மாற்றி 1972 மார்ச்சில் மயாமியிலிருந்து கிளப்பினார்கள். முதல் பயணத்திலேயே துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது தரைதட்டியது.

அதில் குழந்தைகளோடு ஏறியவர்கள் எத்தனை பேர்.


மத்தியதரைக் கடலில் எம்எஸ்சி கப்பல்களில் பெற்றோரின் அறையிலேயே படுக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல பயணங்களில் துறைமுகக் கட்டணம் மட்டும்தான். ஆசையாக இருந்தது. பிறகு விமான டிக்கெட்டை ஐந்தால் பெருக்கினேன்.


சித்தி மகன் கப்பலில் சமையல் வேலை. இந்தப் பட்டியலில் இல்லாத கப்பல். ஒப்பந்தம் ஒன்பது மாதம். கரையில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டான்.

"அக்கா, கப்பல் பேரை விடுங்க. அறை எங்க இருக்குன்னு பாருங்க. நடுவுல, கீழ்த் தளத்துல எடுங்க. ஆட்டம் கம்மி. மேல சாப்பாட்டுக் கூடம் இருந்தா வேணாம், விடியக்காலை நாலு மணிக்கே நாற்காலி இழுப்போம்."

நடு, கீழ். மலிவான அறைகளும் அங்கேதான் இருக்கின்றன. நல்ல சேதி இது ஒன்றுதான், அடிக்கோடிட்டேன்.


ஆட்டத்துக்குக் கப்பலைவிடப் பாதை முக்கியம். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்ரா, ஒரு பக்கம் தீபகற்பம். ஆண்டு இறுதி வாடைக்காற்றில் தென்சீனக் கடல் புரளும்போதும் பினாங்குப் பக்கம் பெரும்பாலும் அமைதி. முதல்முறைப் பிள்ளைகளுக்குப் பினாங்கு.

பினாங்கில் இறங்கிக் கரைச் சுற்றுலா வாங்க வேண்டாம். நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம்.

ரஜூலாவும் பினாங்கில் நின்றுதான் வந்தது. அம்மாவை இறங்க விடவில்லையாம்.


சாப்பாடு. கெண்டிங் டிரீமில் ஹலால் உணவும் இந்திய சைவமும் உண்டு, சமணர் சாப்பாடுகூடக் கேட்கலாமாம். மகன் சாப்பிடுவது தயிர்சாதமும் பிஸ்கட்டும். எந்தக் கப்பலிலும் சோறு இருக்கும், தயிர் இருக்கும். பிசையக் கை இருக்கிறது.

பாட்டி புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏறினாளாம். எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டேன். "கிள்ளான் வரைக்கும்" என்றாள் அம்மா.


கிளம்பும் முன் ஆபத்துக்காலப் பயிற்சி கட்டாயம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போது விதி. அதன்பிறகு விதியை மாற்றினார்கள்.

பல கப்பல்களில் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுகிறார்கள். எந்த இடத்தில் கூட வேண்டும் என்ற எழுத்து அதில் இருக்கும். தொலைந்த பிள்ளையை யார் கண்டாலும் அங்கே கொண்டுவந்து சேர்க்க.

வாங்கும் முன் கேட்க வேண்டியது: சின்ன அளவு மிதவைச்சட்டை அறையிலேயே இருக்குமா, கூடும் இடத்திலா?


அம்மா, நீங்கள் வந்த கப்பலில் மிதவைச்சட்டை இருந்ததா?

"எங்கம்மா முந்தானையில என்னை முடிஞ்சு வச்சிருந்தா."


1985-இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த கப்பல். பலர் இறந்தார்கள். கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். பிறகு விமானம்தான்.

அம்மா அதற்குப்பின் கப்பல் ஏறவில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.


குழந்தைகள் மன்றம். ராயல் கரீபியனில் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும், டயபரும் விட்டிருக்க வேண்டும். கட்டணம் டிக்கெட்டிலேயே அடக்கம். இரண்டு மணி நேரம் அங்கே விட்டால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து காபி குடிக்கலாம். அம்மா கடலைப் பார்க்கலாம்.

டயபர் கட்டிய பிள்ளையைப் பெரிய நீச்சல் குளத்திலும் விட மாட்டார்கள். நீந்தும் டயபர் என்றாலும் இல்லை.


மகனுக்கு மூன்று முடிவது மார்ச் 2. பள்ளி விடுமுறை மார்ச் நடுவில்.

கிளம்பும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு.


சித்தி மகன் மறுபடி கூப்பிட்டான். குழந்தைக்குக் கஞ்சி வேண்டுமென்றால் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள், வைத்துத் தருவார்கள், வெட்கப்படாதீர்கள் என்றான். அவனுக்கும் எட்டு வயதில் ஒரு பெண். அவள் இன்னும் கப்பலைப் பார்த்ததில்லை.


மரினா சவுத் பியர் வரை ரயில் போகிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கப்பல் நிலையம். டாக்சி வேண்டாம். இரண்டு பெட்டி, ஒரு தள்ளுவண்டி, அம்மா.


இன்றைய பட்டியல்: பினாங்கு. மூன்று இரவு. இரண்டு அறை, எதிரெதிரே, நடுவில், கீழ்த் தளம். அம்மாவின் அறைக்கு ஜன்னல். எங்களுக்கு வேண்டாம்.

கட்டும் விலைப் பத்தியில் இரண்டு கப்பல்கள் மிச்சம். 46 வெள்ளி வித்தியாசம். ஒன்றில் மன்றத்துக்கு டயபர் விட்டிருக்க வேண்டும். இன்னொன்றில் பெற்றோர் கூடவே இருந்தால் விடுவார்கள்.


இன்று காலை மகன் ஒருமுறை தானாகச் சொன்னான். மதியம் சொல்லவில்லை. சாயங்காலம் விளையாட்டை விட்டு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான்.

விலை வெள்ளிக்கிழமை வரை.